ஈரத் துணியோடு விலைபோன வீடு

என் தொழில் வீடு காட்டுவது. யாரோ கட்டிய வீட்டை, யாரோ வாங்கப்போகிற வீட்டை, சாவி என் பையில் இருக்கிற ஒரே தைரியத்தில் சொந்த வீடு மாதிரி திறந்து காட்டுவேன். அதற்கு முன்னால் மெத்தைக் கடையில் விற்பனையாளன். அதற்கும் முன்னால் செருப்புக் கடை. செருப்பிலிருந்து மெத்தைக்கு, மெத்தையிலிருந்து வீட்டுக்கு என்று படிப்படியாக முன்னேறியிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அதை வேறு மாதிரி சொல்வாள்: "சின்னப் பொருளை விக்கத் தெரியலைன்னு பெரிய பொருளை விக்க அனுப்பிட்டாங்க."

அவளை முதலில் பார்த்ததே மெத்தைக் கடையில்தான். தலையணை வாங்க வந்தாள். ஒரு தலையணையைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு பேச முடியுமா என்று மிரண்டுபோய் வாங்காமலே திரும்பிவிட்டாள். மறுநாள் வந்து, "நீங்க பேசாம இருந்தா ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்றாள். பேசாமல் இருந்தேன். கல்யாணத்தில் போய் முடிந்தது.

அலுவலகத்தில் எனக்கு 'விசாலம்' என்று பேர். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத அறையைக்கூட 'விசாலமான படுக்கையறை' என்றுதான் விளம்பரத்தில் எழுதுவேன். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. "விசாலம், உனக்குப் போன்!" என்று யாராவது கத்தினால், புதிதாக வந்திருக்கும் வாடிக்கையாளர்கள் ஒரு பெண்மணி எழுந்து வரப்போகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். தொப்பையும் டையுமாக நான் எழுந்து போவேன்.

நாங்கள் குடியிருந்த வீடும் என் கைவண்ணத்தில் விளம்பரமானதுதான். மூன்றாம் மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, எங்கள் பெண்கள் இருவருக்கும் ஒரு சின்ன அறை, நின்றால் சமைக்கலாம் திரும்பினால் பாத்திரம் கழுவலாம் என்கிற அளவில் சமையலறை, ஜன்னல் இல்லாத குளியலறை. பால்கனி கிடையாது. 'வெளிச்சம் பொங்கும் கூடம்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே பிடித்துப்போய் நானே வாடகைக்கு எடுத்துவிட்டேன்.

"நீங்க எழுதினதை நம்பி வந்த ஒரே ஆள் நீங்கதான்" என்பாள் மனைவி.

நான் பொய் எழுதவில்லை. அது கோடைக்காலம். வெளிச்சம் நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் வந்ததும் சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் துணிப் பிரச்சினை ஆரம்பித்தது. பெரியவள் நீச்சல் பழகுகிறாள். தினமும் கனமான துண்டு ஒன்று சொட்டச் சொட்ட வீட்டுக்கு வரும். சின்னவளுக்கு எதைக் குடித்தாலும் பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பெயின்ட், பால், மூக்குச்சளி மூன்றும் படாமல் அவள் வீடு திரும்பியதே இல்லை. எனக்குத் தினம் ஒரு வெள்ளைச் சட்டை. ஜன்னலுக்கு வெளியே துணி தொங்கவிடக் கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். தொங்கவிட்டாலும் அந்தக் குளிரில் காயாது.

கடையில் போய் ஒரு மடக்கு ஸ்டாண்டு வாங்கி வந்தேன். விரித்ததும் அது கூடம் முழுக்கச் சிறகை விரித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஸ்டாண்டுதான் குடியிருந்தது. நாங்கள் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்தோம். அதில் இடம் போதாமல் நாற்காலி முதுகில் பேன்ட், கதவுக் கைப்பிடியில் சாக்ஸ், ஹீட்டர் மேல் போர்வை. ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின. துணியெல்லாம் காய்ந்த மாதிரியும் காயாத மாதிரியும் இருந்து, புழுங்கிய வாடை அடித்தது. அந்த வாடையோடு வேலைக்குப் போய், 'நல்ல காற்றோட்டமான வீடு' என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பெரிய பங்களா ஒன்றை ஒரு பணக்காரத் தம்பதிக்குக் காட்டப் போயிருந்தேன். நாலு கார் நிறுத்தலாம் என்று நான் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் என் கோட்டுக்குப் பின்னாலிருந்து எதையோ இரண்டு விரலால் பிடித்து உரித்தார்.

"இது உங்களோடதா?"

முயல் படம் போட்ட ஜட்டி. சின்னவளுடையது. நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்தது காலையில் கோட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"சேச்சே, என்னோடது இல்லைங்க" என்றேன் அவசரமாக.

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு மோசமானது என்று புரிந்தது. அவர்கள் கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்கு மாலையே ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தேன். ஆணி, சுத்தியல், கயிறு. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டி, துணியை எல்லாம் தலைக்கு மேலே ஏற்றிவிட்டேன். கீழே தரை முழுக்கக் காலி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "எப்படி?" என்று கேட்டேன். "சுவரைக் கட்டினவரைத்தான் கேக்கணும்" என்றாள் மனைவி. சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் சுவரிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அப்புறம் ஆணி வந்தது. ஆணிக்குப் பின்னால் எல்லாமும் வந்தது.

"அப்பா, என் துண்டு சூப்புல கிடக்குது" என்றாள் பெரியவள்.

"பரவாயில்லை, நீச்சல் தெரிஞ்ச துண்டுதானே" என்றேன்.

அன்றோடு துணி விவகாரம் என் கையை விட்டுப் போனது. மனைவி எடுத்துக்கொண்டாள். அவளுடைய காப்பகத்தில் ஒடுக்கமான ஒரு நடைவழியில்தான் அத்தனை குழந்தைகளின் ஈரத் துணியும் காயும். அந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவர இத்தனை நாள் நான்தான் விடவில்லையாம். நான் பேசி முடிக்கக் காத்திருந்தாளாம்.

முதலில் என் ஸ்டாண்டை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து ஒரே நாளில் துவைக்கிற வழக்கத்தை நிறுத்தினாள். தினம் கொஞ்சம், அன்றைக்குக் காயக்கூடிய அளவுக்கு மட்டும். மெஷின் பிழிந்து கொடுத்ததை இன்னொரு தடவை பிழியவிட்டாள். கனத்த துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன் மேல் சின்னவளை ஏறி நடக்கச் சொன்னாள். சின்னவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாக மிதித்தாள். எடுத்துப் பார்த்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போயிருக்கும்.

சட்டையெல்லாம் ஹேங்கரில் ஏறின. குளியல் தொட்டிக்கு மேலே, சுவருக்குச் சுவர் திருகி இறுக்கி நிறுத்துகிற கம்பி ஒன்று வாங்கிவந்தாள். ஆணி வேண்டாம், சுத்தியல் வேண்டாம், நானும் வேண்டாம். இரண்டு ஹேங்கருக்கு நடுவே உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருக்கவேண்டும். கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டால் ஈரம் வீட்டுக்குள் வராது. சாக்ஸும் உள்ளாடையும், சுற்றிலும் கிளிப் தொங்குகிற வட்ட வளையத்தில் குடை மாதிரித் தொங்கின. பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பு வாய் பிளந்திருக்கிற மாதிரி மாட்டினாள். படுக்கை விரிப்பை மட்டும் கூடத்தில், கதவு நிலைகளின் மேல்விளிம்பில் கொக்கி போட்டு, சுவரை ஒட்டித் திரைச்சீலை மாதிரி இறக்கினாள். கீழே ஒரு சின்ன மின்விசிறி. காலையில் ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்து, வீடு ஒருமுறை நடுங்கி முடித்ததும் சாத்திவிடுவாள்.

வாடை போனது. கறுப்புப் புள்ளிகளைத் துடைத்தோம், திரும்பி வரவில்லை. கூடத்தில் நேராக நடந்தோம். இந்த ஏற்பாட்டில் எனக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. உயரமாக இருக்கிறேன் என்பதால் கொக்கி மாட்டுவது. வீட்டில் ஏணி இல்லாத குறையை நான்தான் தீர்த்துவைத்தேன்.

எல்லாம் சீரானபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"விசாலம், உனக்கு ஒரு வீடு வந்திருக்கு. விக்கணும். மூணாம் மாடி."

"எந்தப் பக்கம் சார்?"

"உன் வீட்டுப் பக்கம்தான்."

"எந்தக் கட்டடம்?"

"உன் கட்டடம்தான்."

"எந்த வீடு சார்?"

அவர் சாவிப் பலகையைப் பார்த்தார். "சாவி உன்கிட்டயேதான் இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டு ஓனருக்கு வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்க ஆசை வந்திருக்கிறது. என்னிடம் நேரில் சொல்லச் சங்கடப்பட்டு என் அலுவலகத்திடம் சொல்லியிருக்கிறார். 'அந்த வீட்டைப் பற்றி இவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்' என்று மேனேஜர் அதை என் தலையில் கட்டிவிட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "நல்ல விசாலமான வீடு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மனைவி சாக்ஸ் ஜோடி சேர்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"வித்தா வீடு போகும். விக்கலைன்னா வேலைக்கு ஆபத்து. அதானே?"

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்லுவீங்க?"

ஜோடி இல்லாத சாக்ஸ் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

முதலில் பார்க்க வந்தது ஒரு இளம் ஜோடி. வீடு பார்க்க ஆள் வரும்போது வீட்டில் துணி தொங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மற்ற வீட்டுக்காரர்களுக்கு நானே எத்தனையோ முறை உபதேசம் செய்திருக்கிறேன். அன்றைக்கு மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஈரத் துணியை எல்லாம் கூடையில் அள்ளி, மூன்று மாடி இறக்கி, காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது. வெள்ளைச் சட்டையில் ஈரம் படிந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த நிலையில் கதவைத் திறந்து சிரித்தேன்.

அவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லாத கூடம் ஏனோ இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அந்தப் பெண் கேட்டாள்: "பால்கனி இல்லையே, குளிர்காலத்துல துணி எங்க காயப்போடுறது?"

"அதுக்கெல்லாம் நிறைய இடம் இருக்குங்க" என்றேன்.

"எங்க?"

வாயைத் திறந்தேன். எங்கே என்று காட்ட ஒரு கம்பிகூட இல்லை. அதையும் கழற்றிக் காரில் போட்டிருந்தேன். கையால் வெற்றிடத்தைக் காட்டினேன். அவர்களும் மரியாதைக்கு அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். துணி விஷயத்தை மறந்துவிட்டேன். ராத்திரி மனைவி "துணி எங்க?" என்று கேட்டதும் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தால் துணியெல்லாம் உறைந்து அட்டையாகிக் கிடந்தது. மனைவியின் பேன்ட்டை எடுத்து நிறுத்தினேன், தானாக நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறியபோது, எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் சேர்த்து வழிவிட்டார்.

"இனிமே யார் வந்தாலும் என் துணியைத் தொடாதீங்க" என்றாள் மனைவி. "குளிர்காலத்துல மனுஷங்க இருக்கிற வீட்டுல ஈரத் துணி இருக்கும். அதைப் பார்த்து ஓடுறவங்க ஓடட்டும்."

இரண்டாவதாக வந்தவர் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மா. தனியாக வாங்குகிறார். அவர் வரவேண்டிய நாளன்று சின்னவளுக்கு வயிறு சரியில்லை. முந்தின நாள் இரவு எங்கள் படுக்கை, அவள் படுக்கை, அக்காவின் படுக்கை என்று ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மனைவி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் உள்ள துணியெல்லாம் துவைத்துத் தொங்கியது. நான் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறும்போதே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னிக்கு மட்டும்தாங்க இப்படி... சாதாரணமா இவ்வளவு இருக்காது... குழந்தைக்கு உடம்பு சரியில்லை..."

"இது உங்க வீடா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"உங்க வீட்டையே விக்கிறீங்களா?"

"வாடகைக்குத்தான் இருக்கோம்."

அவர் ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார். பரிதாபமா, சந்தேகமா என்று தெரியவில்லை.

உள்ளே வந்தார். நல்ல ஆகிருதி, சீருடை மேல் கனத்த கோட்டு. நான் "இது விசாலமான..." என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மெதுவாகக் கூடத்தைக் கடந்தார். படுக்கையறைக்குப் போனார். சமையலறைக்கு வந்தார். குளியலறைக் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். என் சட்டை எல்லாம் வரிசையாக, இடைவெளி விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து என்னை விட்டுவிட்டு மனைவியைக் கேட்டார்.

"இத்தனையும் எப்பம்மா காயும்?"

"சட்டை ராத்திரிக்குள்ள. விரிப்பு நாளைக்குக் காலையில."

"வாடை?"

"மோந்து பாருங்க."

அந்த அம்மா ஒரு விரிப்பின் நுனியை எடுத்து நிஜமாகவே மோந்து பார்த்தார். "இந்தக் கம்பி சுவருல ஆணியா?"

"இல்லைக்கா. திருகி இறுக்கினா நிக்கும். ஆணி அடிச்சா சுவரோட வந்துரும். அது இவர் கண்டுபிடிச்சது."

எனக்குப் பெருமைப்படுவதா வேண்டாமா என்று புரியாமல் தலையை ஆட்டினேன்.

அவர் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தான் இப்போது ஒரு பேக்கரிக்கு மேலே குடியிருப்பதாகவும், கீழே அடுப்பு எரிவதால் தரையும் சுவரும் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்றும், துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாலும் விடிவதற்குள் காய்ந்துவிடும் என்றும் சொன்னார். டெப்போவை ஊருக்கு இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். முதல் பஸ்ஸை எடுக்க அவ்வளவு தூரம் வரமுடியவில்லை.

"பார்க்கிற வீட்டுல எல்லாம் முதல்ல அதைத்தான் கேக்குறேன். யூனிஃபார்ம் எங்க காயும்னு. எந்தப் புரோக்கரும் நேராப் பதில் சொல்றதில்லை. நிறைய இடம் இருக்குன்னு கையைக் காட்டுறானுங்க."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு பேர் துணி, மூணு படுக்கை விரிப்பு, அத்தனையும் தொங்குது. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நான் எதுலயும் உரசாம நடந்துட்டேன். எனக்கு ஒருத்திக்கு இது தாராளம்" என்றார். "வாங்கிக்கிறேன்."

வாங்கியும்விட்டார். மேனேஜர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொந்தக் குடும்பத்தை நடுத்தெருவுக்கு அனுப்பி அலுவலகத்தில் கைதட்டு வாங்கியவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நல்லது" என்றாள் மனைவி. "நாம எங்க போறோம்?"

"எனக்குத் தெரியாத வீடா இந்த ஊர்ல?"

எனக்குத் தெரிந்த வீடுகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் காட்டினேன். கஷ்டம் என்னவென்றால் எல்லாவற்றுக்கும் விளம்பரம் நான்தான் எழுதியிருந்தேன். அவள் கூரையைப் பார்ப்பாள், குளியலறை மூலையைப் பார்ப்பாள், ஜன்னல் விளிம்பை விரலால் தடவுவாள், விரலை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். கறுப்பாக இருக்கும். "காற்றோட்டம்?" என்பாள். என்னிடம் இதுவரை எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் இந்நேரம் செருப்புக் கடைக்கே திரும்பியிருப்பேன். காலி செய்யவேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்கள் இருவரும் தூங்கும்போது அவர்கள் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பேன். அப்போது என்னைப் பற்றிச் சிரிப்பு எதுவும் வரவில்லை.

ஒருநாள் நான் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தபோது பஸ் ஓட்டும் அம்மா எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அளவெடுக்க வந்தாராம். இருவர் கையிலும் டீ. எதைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"வீடு கிடைச்சிருச்சு" என்றாள் மனைவி.

"எங்க?"

"அக்கா இருக்கிற வீடுதான். பேக்கரிக்கு மேல. அவங்க ஓனர்கிட்ட பேசிட்டாங்க. நானும் பேசிட்டேன்."

"நான் வந்து பார்க்க வேண்டாமா? ஒப்பந்தம், நிபந்தனை எல்லாம்..."

"பார்த்தாச்சு. சுவத்துல கை வெச்சுப் பார்த்தேன். சூடா இருந்துச்சு."

ஊரில் பாதிக் குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன் நான். என் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது, புரோக்கர் இல்லாமல். சந்தோஷத்தை மறைக்க, "அந்த வீட்டுல கூடம் கொஞ்சம் விசாலமா இருக்குமா?" என்று கேட்டேன். "சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்போது பேக்கரிக்கு மேலேதான் இருக்கிறோம். கூடம் பழையதைவிடச் சின்னது. விடியும்போது கீழே மாவு பிசைகிற மெஷின் ஓடும், அது பழகிவிட்டது. துணியைச் சுருட்டி எறிந்தாலும் காய்ந்துவிடுகிறது. மனைவி சுருட்டி எறிவதில்லை; உள்ளங்கை இடைவெளி விட்டுத்தான் மாட்டுகிறாள். எங்கள் உடைகளில் புது ரொட்டி வாசனை அடிக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் என் பக்கத்தில் நின்றால் பசிக்கிறது என்கிறார்கள். வீட்டைப் பற்றி நான் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

போன வாரம் வீட்டில் போன் அடித்தது. எடுத்தேன். பஸ் ஓட்டும் அம்மா.

"கனத்த போர்வை ஒண்ணு இருக்கு. ரெண்டு நாளா ஈரம் போகலை. எப்படி மாட்டுறது?"

எனக்கு இதெல்லாம் இப்போது அத்துப்படி. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போர்வையைப் பொறுத்தவரைக்கும் முதல்ல என்ன பண்ணணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு, புரோக்கரா?" என்றார். "அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தேன்.